உயிரோடு இருப்பவர்கள் பக்கம்

அத்தியாயம் 11

வியன்னாவில் கப்பலேறிய நாளிலிருந்து ஸ்மரந்தா ஒரே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அலைந்தாள். இன்று ஆறாவது நாள். பழைய சிநேகிதன் துதோரிடம் அதைக் கேட்கத்தான் இந்தப் பயணத்துக்கே ஒப்புக்கொண்டாள். ஐந்து நாளும் கேட்கவில்லை.

கேட்க நினைத்தபோதெல்லாம் யாராவது குறுக்கே வந்தார்கள். பெரும்பாலும் லிவியு வந்தான். அவள் கணவன். "குளிருது, உள்ள வா" என்பான். "மாத்திரை போட்டியா?" என்பான். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவன் அவளுடைய மாத்திரையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதே இல்லை.

காலை ஏழு மணிக்கு போன் அடித்தது. டுர்னு செவெரினிலிருந்து அம்மா.

"கேட்டியா?"

"இல்லம்மா."

"ஆறு நாளா என்னடி பண்ற அந்தக் கப்பல்ல? தின்னுட்டுத் தூங்குறியா?"

"இன்னிக்குக் கேக்கிறேன்."

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு உன் கப்பல் இங்க வருது. நீங்க இறங்கிருவீங்க. துதோர் கடல் வரைக்கும் போயிருவான். அப்புறம் யாரைக் கேப்பே? நான் துறையில உக்காந்திருப்பேன். தாளைக் கொண்டு வர்றேன். நீ வந்து எழுது."

"அம்மா, உன்னை வெளிய போக வேண்டாம்னு டாக்டர்..."

"வியாழக்கிழமை அவன் என் நெஞ்சைக் கிழிக்கப் போறான். அதுக்கு முன்னாடி நான் எங்க வேணாலும் போவேன். அவன் யாரு கேக்க?"

தோம்னிகாவுக்கு எண்பத்தேழு வயது. கண் போய்விட்டது. காதும் வாயும் போகவில்லை.

தாள் என்று அவள் சொன்னது பெயர்த்தாளை. வாராவாரம் கோவிலுக்குக் கொடுப்பது. நடுவில் மடித்து, இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலப்பக்கம் இறந்தவர்கள். பாதிரியார் பீடத்தின் முன் நின்று இரண்டையும் வாசிப்பார். இடப்பக்கத்தவர்களுக்கு உடல்நலம் கேட்பார். வலப்பக்கத்தவர்களுக்கு வெளிச்சம் கேட்பார்.

கோஸ்மினின் பெயர் முப்பத்தாறு வருஷமாக இடப்பக்கத்தில் இருந்தது.

அவன் ஸ்மரந்தாவின் தம்பி. எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் ஸ்வினிட்சா கிராமத்துக்குக் கீழே, நாட்டைவிட்டுத் தப்பிக்க, மூன்று பேர் இதே ஆற்றில் இறங்கினார்கள். கோஸ்மின், லிவியு, துதோர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யூகோஸ்லாவியா. அந்தக் கரையை மிதித்துவிட்டால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று எல்லோரும் ரகசியமாகச் சொன்னார்கள்.

துதோர் கரையேறினான். லிவியு கால் தசை பிடித்துக்கொண்டதால் திரும்பி வந்தான். காவலர்கள் அவனுடைய மேல்வரிசைப் பற்கள் நாலைப் பெயர்த்துச் சிறையில் போட்டார்கள். கோஸ்மினைப் பற்றி லிவியு அன்றும் இன்றும் சொன்னது ஒரே வாக்கியம்: "அவன் கரையைத் தொட்டதை என் கண்ணால பாத்தேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் அம்மா குடியேறிவிட்டாள்.

மூவரும் போன அன்று காலை அவள் தேடியது மகனை அல்ல, பன்றிக் கொழுப்பு ஜாடியை. குளிர் உறைக்காமல் இருக்க மூன்று பேரும் கொழுப்பை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு போயிருந்தார்கள். "குளிர்காலத்துக்கு வச்சிருந்தேன், எந்தக் கழிசடை வழிச்சுத் தின்னுச்சு? அது தொண்டையில அடைச்சுச் சாக!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். காவலர்கள் மத்தியானம்தான் வந்தார்கள். அதன்பிறகு அவள் யாரையும் சபித்து ஸ்மரந்தா கேட்டதில்லை.

"அவன் செத்திருந்தான்னா, முப்பத்தாறு வருஷமா இருட்டுல நிக்கிறான்டி" என்றாள் அம்மா போனில். "செத்தவங்களுக்கு ஏத்துற மெழுகுவத்தி ஒண்ணு கிடையாது அவனுக்கு. உயிரோட இருக்கிறவனுக்கு ஏத்தினா நானே கொன்ன மாதிரி. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. வியாழக்கிழமை நிம்மதியா படுத்துருவேன்."

"லிவியுதான் சொன்னானேம்மா, கரையைத் தொட்டான்னு."

"தொட்டவன் ஏன் ஒரு வரி எழுதல?"

இந்தக் கேள்வியை அம்மா கேட்டு ஸ்மரந்தா கேட்டதில்லை. முப்பத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பதில் வரும்வரை காத்திராமல் அம்மா போனை வைத்துவிட்டாள்.

எதிர்க் கட்டிலில் லிவியு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்குகிறவனுடைய மூச்சு இல்லை அது.

*

மேல்தளத்தில் துதோர் ஏற்கெனவே சபை கூட்டியிருந்தான். சபை என்றால் இலிங்கா ஒருத்திதான்.

இந்தச் சந்திப்பே இலிங்காவின் ஏற்பாடு. ஸ்மரந்தாவின் ஒரே மகள். வியன்னாவில் செயற்கைப் பல் செய்யும் வேலை. லின்ஸ் நகரத்தில் டிராம் வண்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற துதோரை இணையத்தில் தேடிப் பிடித்தவள் அவள்தான். பெற்றோரின் பழைய சிநேகிதனைக் கப்பலில் கொண்டுவந்து நிறுத்தினால் அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தாள். அவள் நினைத்ததில் தப்பில்லை.

"ஏம்மா இலிங்கா, உங்கப்பன் பல்லை எங்க செஞ்சான்? குதிரைக்குச் செய்யுற எடத்துலயா?"

"நான்தான் மாமா செஞ்சேன்."

துதோர் ஒரு நொடி யோசித்தான். "அழகா இருக்கு. குதிரை அழகான மிருகம்தானே."

இலிங்கா சிரித்தாள். ஸ்மரந்தாவும் சிரிக்கப் பார்த்தாள். காற்றில் டீசல் வாடை. வலப்பக்கம் செர்பியக் கரை, இடப்பக்கம் அவர்களுடைய கரை. இரண்டும் ஒரே பச்சை. நடுவே ஆறு எதையும் காட்டிக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது.

"உக்காரு ஸ்மாரா. என்ன, வயசாயிருச்சா? நாலு படி ஏறினதுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"உனக்கு இரும்பு இடுப்பு வச்சிருக்காங்க. எனக்கு அம்மா குடுத்ததுதான்."

"இரும்பு இல்ல, டைட்டானியம். செத்தப்புறம் இதைத் தனியா எடுத்து வித்துக்கலாம்."

பேச்சு அத்தோடு நின்றது. கரையில் ஒரு வளைவு திரும்பி, சரிவில் சில கூரைகள் தெரிந்தன. ஸ்வினிட்சா.

துதோர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். அவனுடைய தலையில் முடி என்று சொல்ல அதிகமில்லை. நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தான். கூரைகள் பின்னால் போயின. கோவில் கோபுரம் போனது. ஒரு பாறைக்குப் பின்னால் எல்லாமே போயிற்று.

பிறகு அவன் தலை திருப்பாமல் சொன்னான்: "நீங்க யாரும் ஒரு தடவைகூட வரல."

"எங்க?"

துதோர் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான்.

"ஸ்மரந்தா! மாத்திரை போட்டியா?"

படிக்கட்டில் லிவியு நின்றிருந்தான். ஓடி வந்திருக்கிறான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

*

மலையிடுக்குக்குள் கப்பல் நுழைந்தபோது மத்தியானச் சாப்பாடு மேல்தளத்துக்கே வந்தது. பாறைகள் இரு பக்கமும் நெருங்கி வந்து வெயிலை மறைத்தன. ஒலிபெருக்கியில் ஒரு பெண் அவற்றின் உயரத்தை ஜெர்மன் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து போய்ப் படம் எடுத்தார்கள்.

மீன் சூப் உப்பில்லாமல் இருந்தது. துதோர் பைக்குள்ளிருந்து பிளம் சாராயப் புட்டியை எடுத்தான். லின்ஸில் தன் குளியலறையில் வடித்தது என்று ஐந்து நாளாகச் சொல்லி, ஐந்து நாளும் திறக்காமல் வைத்திருந்தான். நாலு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினான். பிறகு எழுந்து நின்றான்.

"ஆறு நாளா பேசாதேன்னீங்க, பேசல" என்றான். "இந்த எடத்துலயும் பேசலேன்னா நான் மனுஷனில்ல."

"துதோர், உக்காருடா" என்றான் லிவியு.

"உக்கார மாட்டேன். மண்ணுல ஊத்தணும், இங்க மண்ணில்ல. தண்ணியிலதானே போனான். தண்ணியிலயே ஊத்துறேன்."

கம்பியருகே போனான். குவளையைச் சாய்த்தான். கொஞ்சம் ஆற்றில் விழுந்தது, கொஞ்சம் காற்றில் சிதறியது.

"கோஸ்மின். கடவுள் அவனை மன்னிக்கட்டும்."

"மன்னிக்கட்டும்" என்றான் லிவியு.

அவன் குவளையும் சாய்ந்திருந்தது. மூன்று சொட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில். கை நடுங்கிச் சிந்தியது இல்லை. செத்தவனுக்கு ஊற்றிப் பழகிய கை ஊற்றுகிற மாதிரி, கணக்காக மூன்று.

இலிங்காதான் முதலில் பதறினாள். "மாமா! என்ன இது? செத்தவங்களுக்குச் சொல்றதை உயிரோட இருக்கிறவருக்கா சொல்லுவாங்க? அப்பா, நீங்களுமா? மரத்தைத் தட்டுங்க, மரத்தைத் தட்டுங்க!" அவளே தட்டப் போனாள். மேசை பிளாஸ்டிக். நாற்காலி அலுமினியம். அவள் சுற்றிலும் மரத்தைத் தேடினாள். கப்பலில் எங்கேயும் மரம் இல்லை.

ஸ்மரந்தா துதோரைப் பார்க்கவில்லை. துதோர் ஊரைவிட்டுப் போய் நாளாகிவிட்டது. எதை யாருக்குச் சொல்வது என்று மறந்திருக்கலாம்.

லிவியு மறந்தவனில்லை. ஒரு தடவை, ஈஸ்டருக்கு மாவு பிசையும்போது, அம்மாவின் வாயிலிருந்தே அந்த வார்த்தை தவறி வந்துவிட்டது. "எங்க கோஸ்மினுக்கு இந்த ரொட்டி உயிரு, கடவுள் அவனை..." என்று தொடங்கினாள். "அத்தை! உயிரோட இருக்கிறவனுக்கா?" என்று பாய்ந்து வந்து கதவு நிலையை மூன்று தடவை தட்டியவன் லிவியுதான். அம்மா அழுதாள். அழுதுகொண்டே மருமகனின் கையை எடுத்து முத்தமிட்டாள்.

பரிசாரகன் வந்து தரையில் இருந்த மூன்று சொட்டையும் துணியால் துடைத்துவிட்டுப் போனான்.

ஸ்மரந்தா சூப்பைக் குடித்தாள். கடைசிக் கரண்டி வரை குடித்தாள். லிவியு அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இலிங்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"துதோர், கொஞ்சம் வா" என்றாள் ஸ்மரந்தா.

"ஸ்மாரா, அங்க குளிரும்..."

"குளிரல."

*

கப்பலின் பின்முனையில் யாரும் இல்லை. கொடி மட்டும் படபடத்தது.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"மன்னிக்கட்டும்னு."

துதோர் அவள் முகத்தை ஆராய்ந்தான். "விளையாடுறியா?"

"எங்கம்மா அவனை உயிரோட இருக்கிறவங்க பக்கத்துல எழுதுறா, துதோர். இன்னிக்கு வரைக்கும்."

கம்பியைப் பிடித்திருந்த அவன் கை தளர்ந்தது. பக்கத்திலிருந்த கயிற்றுச் சுருளின் மேல் மெல்ல உட்கார்ந்தான். டைட்டானியம் இடுப்பைப் பற்றி இப்போது அவன் எதுவும் சொல்லவில்லை.

"எண்பத்தெட்டு ஏப்ரல்ல கடிதம் குடுத்தனுப்பினேனே."

"யாருக்கு?"

"உங்க எல்லாருக்கும்தான். தபால்ல போட்டா பிரிச்சுப் பாப்பாங்க. அதனால ஒரு லாரி டிரைவர் கையில குடுத்து, லிவியுவைப் பாத்துக் குடுன்னேன். ஜெயில்லேருந்து அவன் வந்துட்டான்னு கேள்விப்பட்டிருந்தேன். பதிலும் வந்துச்சு. அவன் எழுத்துதான்."

"என்ன எழுதியிருந்தான்?"

"'வீட்டுல சொல்லிட்டேன். அவங்களால தாங்க முடியல. இனி எழுதாதே.'"

அவள் காத்திருந்தாள். துதோர் தொப்பியைக் கழற்றினான்.

"மூணாம் நாள் உடம்பு எதிர்க்கரையில ஒதுங்கிச்சு. என்னை அப்ப அந்தப் பக்கத்து லாக்கப்புல வச்சிருந்தாங்க. அடையாளம் காட்டக் கூட்டிட்டுப் போனாங்க. அவன்தான், ஸ்மாரா. நீ தச்சுக் குடுத்த பச்சைக் கால்சட்டை. வீட்டுச் சாவி வைக்க இடுப்புல ஒரு பை வச்சுத் தச்சியே. சாவி அதுக்குள்ளயே இருந்துச்சு."

அந்தச் சாவியைப் பூட்டுக்காரனிடம் சொல்லி மறுபடி செய்ய வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். கோஸ்மினிடம் ஒன்று இருக்கிறது, வந்தால் திறந்துகொள்வான் என்றாள். பூட்டையும் இன்றுவரை மாற்றவில்லை.

"அந்தக் கரை ஊருக் கல்லறையில வேலியோரமா எடம் குடுத்தாங்க. சிலுவையில பேர் எழுத வேணாம்னு நான்தான் சொன்னேன். எழுதினா இங்க உங்களைத் தொல்லை பண்ணுவாங்க. ஆட்சி மாறினப்புறம் கல்லு வச்சுப் பேர் எழுதினேன். வருஷா வருஷம் போறேன். நீங்க வருவீங்க, வருவீங்கன்னு பாத்தேன். வரல. எனக்கு உங்க மேல அப்படி ஒரு கோவம். செத்தவன்கூடவே நட்பும் போச்சுன்னு விட்டுட்டேன்."

"இந்த ஆறு நாள்ல ஏன் பேசல?"

"முதல் நாளே லிவியு சொல்லிட்டானே. உனக்கு நெஞ்சு பலவீனம், கோஸ்மின் பேரை எடுத்தா விழுந்துருவேன்னு."

ஸ்மரந்தாவின் மாத்திரை மூட்டுவலிக்கு.

துதோர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான். "அந்தக் கடிதத்துல ஒண்ணு கேட்டிருந்தேன். அதுக்கு மட்டும் பதில் வரல."

"என்ன?"

"வேணாம் விடு."

"துதோர்."

"கோஸ்மினுக்கு நீச்சல் சுமார்தான். அதனால அவனும் லிவியுவும் இடுப்புல துணிக்கொடிக் கயிறு கட்டிக்கிட்டு இறங்கினாங்க. பிரிஞ்சுரக் கூடாதுன்னு. நான் தனியாப் போனேன். அவன் உடம்புல கயிறு இருந்துச்சு. ஒரு முழம்." அவன் கையால் அளந்து காட்டினான். "நுனி பிரிஞ்சு அறுந்திருக்கணும். அப்படி இல்ல. கத்தி வச்ச மாதிரி இருந்துச்சு."

பாறைகள் விலகின. வெயில் திரும்பி வந்து இருவர் மேலும் விழுந்தது. அவள் அதை உணர்ந்தாளா என்று சொல்ல முடியாது.

*

மூன்று மணிக்குக் கப்பல், அணைக்குக் கீழே உள்ள நீர்மட்டத்துக்குக் கப்பல்களை இறக்குகிற பூட்டறைக்குள் நுழைந்தது. பின்னால் இரும்புக் கதவு மூடிக்கொண்டது. தண்ணீர் வடியத் தொடங்கியது. கப்பல் மெதுவாக, சத்தமில்லாமல், கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல இறங்கியது.

லிவியு கீழ்த்தளத்துப் பக்கவாட்டு நடையில் நின்றிருந்தான். கையை நீட்டினால் சுவர் எட்டும். கருத்த, ஈரமான கான்கிரீட். பாசியும் சிப்பிகளும் ஒட்டியிருந்தன.

ஸ்மரந்தா அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் மேலே போய்க்கொண்டிருந்தது.

"கடிதம் எங்க?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. "எரிச்சுட்டேன்."

"எப்ப?"

"படிச்ச அன்னிக்கே."

"அது ஏப்ரல். அக்டோபர்ல நமக்குக் கல்யாணம்."

"ஆமா."

"கல்யாணத்துல எங்கம்மா உன்னைக் கட்டிப் பிடிச்சு என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. "என் மகனோட தண்ணியில இறங்கினவன், இனி நீயும் என் மகன்." அன்றிலிருந்து பெயர்த்தாளில் கோஸ்மினுக்குக் கீழேயே லிவியுவின் பெயரும் வந்தது. நடுவில் யாரையும் எழுத அம்மா விடவில்லை. இலிங்கா பிறந்தபோதுகூட அவளை மேலேதான் எழுதினாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மேலே வானம் ஒரு நீளத் துண்டாக இருந்தது.

"கத்தி யார்கிட்ட இருந்துச்சு?"

கப்பல் இறங்கியது. எங்கோ தண்ணீர் சொட்டியது. அவள் காத்திருந்தாள். அவளுக்கு அவசரம் இல்லை. கதவு திறக்கும்வரை அவன் எங்கேயும் போக முடியாது.

"என்கிட்ட."

அவள் தலையசைத்தாள். ரொட்டி வாங்கினாயா என்று கேட்டு, வாங்கினேன் என்ற பதிலுக்குத் தலையசைப்பதுபோல.

"ரோந்துப் படகு வந்துச்சு" என்றான் அவன் சுவரிடம். "வெளிச்சம் போட்டாங்க. அலை அடிச்சுது. அவன் தண்ணி குடிச்சுட்டான். நான் எவ்வளவோ பண்ணேன். கயிறு இழுத்துச்சு, ஸ்மாரா. கீழ இழுத்துச்சு."

"உயிரோட இருந்தானா? வெட்டுறப்போ?"

அவன் இரண்டு கைகளையும் கம்பியில் வைத்திருந்தான். அந்தக் கைகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். வலது கட்டைவிரலில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. காவலர்கள் செய்தது என்று அவன் சொல்லியிருந்தான். காய்ச்சலில் கிடந்த இலிங்காவின் நெற்றியில் இரவு முழுக்க இருந்த கை. அம்மாவைத் தூக்கி மாடிப்படி ஏற்றிய கை.

"இருந்தான்."

"ஏதாவது சொன்னானா?"

தண்ணீர் சொட்டியது. மேலே யாரோ குழந்தையைக் கூப்பிட்டார்கள்.

"சொன்னான்."

"என்ன?"

லிவியுவின் வாய் திறந்தது. அப்போது மணி அலறி, முன்கதவு பிளந்தது. வெளிச்சம் ஒரு கோடாக நடைக்குள் விழுந்தது. மகள் செய்து கொடுத்த பல்வரிசை ஒன்றோடொன்று மோதும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அதை மட்டும் கேக்காதே" என்றான்.

*

துறையில், காற்றுக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்த பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தலையில் சிவப்புப் பூப்போட்ட துணி. கணவன் செத்த ஒரு வருஷம் கறுப்புக் கட்டினாள், அவ்வளவுதான். மகனுக்காக ஒரு நாளும் கட்டவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அவள் பூப்போட்டதைத்தான் கட்டினாள்.

மடியில் ஒரு பை. ஸ்மரந்தாவின் நடையைக் கேட்டதுமே பையை நீட்டினாள்.

"பிளம் ஜாம். லிவியுவுக்கு. கப்பல் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்காது. எங்க அவன்?"

"வர்றான்."

அவன் வரவில்லை. இறங்கு பலகையின் மேல்முனையில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தான். இலிங்கா அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் துதோர், தொப்பி கையில்.

ஸ்மரந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். வழி முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்திருந்தாள். இப்போது அதில் ஒரு சொல்கூட மிச்சமில்லை.

அம்மா அவளை எதுவும் கேட்கவில்லை. மகளின் மூச்சைக் கேட்டாள். பிறகு சட்டைப்பைக்குள்ளிருந்து பெயர்த்தாளை எடுத்து மடியில் வைத்து நீவினாள். அதன்மேல் ஒரு ரப்பர். அதன்மேல் ஒரு பேனா.

தாள் ஸ்மரந்தாவின் கையெழுத்தில்தான் இருந்தது. அம்மாவின் கண் போனதிலிருந்து அவள்தான் எழுதுகிறாள். எல்லாப் பெயரும் பேனாவில். கோஸ்மினை மட்டும் பென்சிலில் எழுதச் சொல்வாள் அம்மா. ஏன் என்று ஸ்மரந்தா ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டியிருக்கவில்லை.

ரப்பரை எடுத்தாள். அழித்தாள். காகிதத்தில் ஒரு வெள்ளை இடம் விழுந்தது. அம்மா தலையைச் சாய்த்து அந்தத் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டாள். பேனா வலப்பக்கத்துக்குப் போனபோது அவள் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது.

எழுதி முடித்ததும் ஸ்மரந்தா அம்மாவின் விரலை எடுத்து, ஈரம் காயாத அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அம்மா அழவில்லை. விரலை அங்கேயே வைத்திருந்தாள். ஒரு சரக்குப் படகு கடந்துபோய், அதன் அலை கரைக்கு வந்து அடித்து ஓய்ந்தது. பிறகு அவள் தாடைக்கடியில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். பூப்போட்ட துணியை நாலாக மடித்து ஜாம் பைக்குள் வைத்தாள். வெள்ளை முடி காற்றில் பறந்தது.

"துதோர் பாத்தானா?"

"பாத்தான். மண்ணு குடுத்திருக்கான். கல்லு வச்சிருக்கான்."

"நல்லவன்." கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை நாளா தெரியும் அவனுக்கு?" என்றாள்.

ஸ்மரந்தா இறங்கு பலகையில் நின்ற லிவியுவைப் பார்த்தாள்.

"சரி. வாசி" என்றாள் அம்மா. "முதல்ல உயிரோட இருக்கிறவங்க. அப்படித்தான் வாசிக்கணும்."

இறங்கு பலகை கிரீச்சிட்டது. லிவியு ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றான்.

"தோம்னிகா" என்று வாசித்தாள் ஸ்மரந்தா. "ஸ்மரந்தா. இலிங்கா."

அடுத்து வெள்ளை இடம். அதற்குக் கீழே பேனாவில் ஒரு பெயர்.

அவள் தாளை மடித்தாள்.

அம்மாவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"நில்லுடி" என்றாள். "ஒருத்தனை விட்டுட்டே."